பதினோராவது பூச்சியம்

முறுக்கை இடது பக்கக் கொடுப்புப் பற்களுக்குள் வைப்பதற்கு முன் சபாரத்தினம் மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்ப்பார். பார்க்காமல் இருப்பவர்களைத் தொண்டையைச் செருமி அழைப்பார். எல்லா முகமும் திரும்பிய பிறகுதான் கடிப்பார். "கேட்டுதோ? வடிவாக் கேளுங்கோ. இடப்பக்கத்தாலைதான் கடிச்சனான்." டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹேர்னிங் நகரத்தில் பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, புதுமனை புகுதல் எதுவாக இருந்தாலும் இந்த நிகழ்ச்சி உண்டு. செத்தவருக்கு அந்தியேட்டி செய்யும் வீடுகளில் வடைதான் கிடைக்கும். வடைக்குச் சத்தம் இல்லை என்பதால் அங்கே அவர் அதிக நேரம் இருப்பதில்லை.

கடித்து முடிந்ததும் கன்னத்தைக் காட்டுவார். "தொட்டுப் பாருங்கோ. தட்டுங்கோ. அட, பயப்பிடாமல் ஒரு அடி அடியுங்கோ பாப்பம்." பெரியவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிறுபிள்ளைகள் உண்மையாகவே அடிப்பார்கள். ஒரு பிள்ளை இரண்டாவது முறையும் அடித்தபோது தாய் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பின்னால் போய், "விடும் பிள்ளை, அடிக்கட்டும், எனக்கு ஒண்டும் செய்யாது" என்று வாதாடினார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. பெரிய உடம்பு, சிறிய காதுகள். இடது காதுக்குப் பின்னால் மயிர் முளைக்காத ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைப் பார்க்காத தமிழர் ஹேர்னிங்கில் இருந்தால் அவர் நேற்றுத்தான் வந்திருக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அவருக்குப் பெயர் சொக்கையர். யாழ்ப்பாணத்தில் கன்னத்துக்குச் சொக்கை என்றுதான் சொல்வோம். அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். தெரிந்தும் கோபப்படாததைப் பார்த்தால், பட்டமாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நகரத்துக்கு வெளியே உள்ள ஜன்னல் தொழிற்சாலையில் முப்பத்தோராவது வருடமாக வேலை செய்கிறார். காற்றுப் பிடிப்பது அவருடைய வேலை. செய்து முடித்த ஜன்னலைச் சட்டத்தில் மாட்டி, பின்னால் இருந்து பெரிய விசிறியால் காற்றை அடிப்பார்கள். எங்காவது ஒழுகினால் இயந்திரம் சொல்லும். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் புகைக்குழாய் பிடிப்பார்கள். சபாரத்தினம் கன்னத்தைப் பிடிப்பார். ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கன்னத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்துவார். "ஒழுகுது" என்பார். அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு போடுவார். அந்த ஒரு தமிழ்ச் சொல் அங்குள்ள டேனிஷ்காரருக்கும் தெரியும். ஜன்னல் திருப்பி அனுப்பப்பட்டால் அவர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் "ஒழுகுது" என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் கன்னத்துக்குத்தான் பதின்மூன்று வருடங்களுக்கு முன் வருத்தம் வந்தது. சவரம் செய்துகொண்டு நின்றவருக்குத் திடீரென்று முகத்துக்குள் மின்சாரம் பாய்ந்தது போல ஓர் அடி. நாலு விநாடிதான். அன்று பின்னேரம் இன்னொன்று. ஒரு மாதத்தில் ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு. தண்ணீர் பட்டால் அடிக்கும், கொட்டாவி விட்டால் அடிக்கும், கதைத்தால் அடிக்கும். காற்றுப் பட்டால் சொல்லவே வேண்டாம். மேற்கிலிருந்து வருகிற காற்று வருடம் முழுக்க நிற்காத இந்த ஊரில் அவர் கம்பளிச் சால்வையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, ஜூலை மாதம் பஸ்ஸுக்கு நின்றார்.

பல் வைத்தியரிடம் போய் ஒரு பல்லைப் பிடுங்கினார். நோ போகவில்லை. பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். அதற்கும் போகாததால் மூன்றாவதையும் பிடுங்கினார். மூன்றும் நல்ல பற்கள். ஊரும் தன் பங்குக்கு வைத்தியம் பார்த்தது. கண்ணூறு என்றார்கள், ஏழரைச் சனி என்றார்கள், வெற்றிலை என்றார்கள். வாலிபத்தில் யாருக்கோ அடித்த அடிதான் திரும்பி வருகிறது என்றுகூட ஒரு வீட்டில் முடிவு செய்தார்கள். அந்த வீட்டில் கிழமைக்கு ஒரு புதுப்பெயர் அடிபட்டது.

கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள். மூளையிலிருந்து முகத்துக்கு வருகிற நரம்பின் மேல் ஓர் இரத்தக்குழாய் சாய்ந்து, துடிக்கும்போதெல்லாம் நரம்பைத் தட்டிக்கொண்டிருக்கிறதாம். காதுக்குப் பின்னால் சிறு துவாரம் போட்டு, இரண்டையும் விலக்கி, இடையில் டெஃப்லோன் துண்டு ஒன்றை வைத்தார்கள். கண் விழித்தபோது நோ இல்லை. அன்றிலிருந்து சபாரத்தினம் வேறு மனிதர்.

இந்த விளக்கத்தை அவர் கடதாசிக் கைதுடைப்பான்களில் படம் கீறிச் சொல்வார். சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தால் கை துடைக்க எதுவும் மிஞ்சாது. "இது நரம்பு. இது குழாய். ரெண்டுக்கும் நடுவிலை டெஃப்லோன். உங்கடை தாச்சிக்குப் பூசுற அதே சாமான்தான்."

"அப்ப உன்ரை மண்டைக்குள்ளை தோசை ஒட்டாதடா மச்சான்" என்றார் ஒருநாள் குருசுமுத்து. இருவரும் சிறுவயதில் ஒரே வகுப்பு. இப்போது ஒரே தொழிற்சாலை.

"பகிடியை விடு. இதை வைச்சது ஆர் தெரியுமே? ஓவர்லேய. சும்மா டொக்டர் இல்லை, ஓவர்லேய." தலைமை வைத்தியருக்கு இங்கே அதுதான் பெயர். அந்தச் சொல்லை மட்டும் அவர் பிழையில்லாத டேனிஷில் சொல்வார்.

அவருடைய மனைவி யோகம்மா வருத்த காலத்தில் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். சுகமானால் கணவர் கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுப்பார் என்று. வைக்கும்போது கணவரைக் கேட்கவில்லை. சுகமான பிறகு கேட்டதும் அவர் திகைத்துப் போனார். "ஓவர்லேய பூட்டினதை நீ வேலாலை திறக்கப் பாக்கிறாய்" என்று மூன்று மாதம் வாதாடி, வெள்ளியில் உறுப்புச் செய்து கொடுப்பது என்று சமாதானம் ஆனது. யாழ்ப்பாணத்துக் கடையில் வெள்ளிக் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது. தனிக் கன்னம் இல்லை. முழு முகமாகத்தான் எடுக்க வேண்டி வந்தது. அதுவும் மூக்குத்தி போட்ட பெண் முகம். அவர் கவலைப்படவில்லை. தேருக்கு வந்த எல்லோரிடமும், "இடப்பக்கம் மட்டும்தான் என்ரை" என்று சொல்லிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தார்.

யாருக்காவது பல்லுக் கொதித்தால் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர்தான். "அது பல்லில்லை, நரம்பு" என்பார். தலையிடிக்கும் நரம்பு, மூக்கடைப்புக்கும் நரம்பு. அவர் சொல்லைக் கேட்டு இரண்டு பேர் நரம்பு வைத்தியரிடம் நாலு மாதம் காத்திருந்து போனார்கள். இரண்டு பேருக்கும் ஞானப்பல். அவர்களில் ஒருவருக்கு அதற்குள் கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் போனது. சபாரத்தினம் அவரையும் போய்ப் பார்த்தார், முறுக்குடன்.

வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வரும். சத்திரசிகிச்சை செய்தவர்கள் பல வருடம் கழித்தும் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஓர் ஆய்வு நடக்கிறது. அதற்கான படிவம். சவரம் செய்யும்போது நோகிறதா, காற்றுப் பட்டால் நோகிறதா, மருந்து எடுக்கிறீர்களா என்று கேள்விகள். கடைசியில் பூச்சியத்திலிருந்து பத்து வரை எண்கள் ஒரே வரிசையில் இருக்கும். நோ இல்லையென்றால் பூச்சியத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். தாங்கவே முடியாத நோ என்றால் பத்து.

மற்றவர்களுக்கு இந்தக் கடிதமெல்லாம் கணினியில் வரும். சபாரத்தினம் தனக்குக் கணினி தெரியாது என்று கொம்யூன் எனப்படும் நகரசபைக்கு எழுதிக் கொடுத்து, தபாலில் வருமாறு செய்துகொண்டார். எழுதிக் கொடுத்தது கணினியில்தான். தினமும் காலையில் முந்நூறு பேருக்குப் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிற மனிதர். விஷயம் கணினி இல்லை. கடதாசியாக வந்தால்தான் பிரதி எடுத்துக் கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம். மகள் சாருஜாவின் தாதிப் பட்டத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிரதிகள் வருட வரிசையில் நிற்கின்றன. பத்து வருடம், பத்துப் பூச்சியம்.

"சும்மா பூச்சியமில்லை" என்று விருந்தினரிடம் விளக்குவார். "இந்தப் பேப்பரிலை பூச்சியம் எண்டால் நூறுக்கு நூறு."

"பள்ளிக்கூடத்திலை எடுத்த பூச்சியத்துக்கு வாத்தியார் முழங்காலிலை விட்டவர்" என்று குருசுமுத்து ஞாபகப்படுத்துவார்.

வட்டம் போடுவதற்கென்றே அவரிடம் ஒரு மைப்பேனை இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருப்பார். வேறு எதற்கும் அதைத் தொடமாட்டார். முன்பெல்லாம் மகள் பக்கத்தில் இருந்து கேள்விகளை டேனிஷில் வாசிப்பாள். அவர் தமிழில் பதில் சொல்வார். "இல்லை எண்டு போடு. அதுக்கும் இல்லை. எல்லாத்துக்கும் இல்லையடி பிள்ளை, ஏன் வாசிச்சு மினக்கெடுறாய்?" வட்டம் மட்டும் அவர் கையால். போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் மகளைக் கூப்பிடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே நிரப்பினார். அப்பாவுக்கு டேனிஷ் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று சாருஜா சிரித்தாள். யோகம்மா சிரிக்கவில்லை.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது முறுக்குத்தான். மண்டபங்களில் தேநீர் ஊற்றுகிற மேசையில் நான் நிற்பேன். அங்கே நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. நிற்பவருக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் சபாரத்தினம் வழக்கம் போலச் சுற்றிப் பார்த்தார், செருமினார், முறுக்கை வாய்க்குக் கொண்டுபோனார், சத்தம் கேட்டது. ஆனால் சத்தம் வாயிலிருந்து வரவில்லை, கையிலிருந்து வந்தது. உள்ளங்கைக்குள் வைத்து முறித்துவிட்டு, ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்து ஊறவிட்டுக்கொண்டு நின்றார். "கேட்டுதோ?" என்றார். எல்லோருக்கும் கேட்டிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தாடி வைத்தார். மகள் சொன்னாள் என்றார். மகளைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. கதையின் நடுவில் திடீரென்று நிற்பார். நாலு விநாடி கண்கூட அசையாது. பிறகு, "யோசிச்சனான்" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மண்டபத்திலிருந்து காருக்குப் போகும்போது எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே பின்பக்கமாக நடப்பார். கடைசிவரைக்கும் முகம் கொடுத்துவிட்டுப் போகிற நல்ல மனிதர் என்று புதிதாக வந்தவர்கள் சொன்னார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஜன்னலுக்குக் கன்னம் பிடித்தவர், இப்போது கைப்பெருவிரலை நாக்கில் தொட்டு நனைத்து, அதைச் சட்டத்தின் ஓரமாக நகர்த்துகிறார். "ஈர விரலுக்குக் காத்து இன்னும் வடிவாத் தெரியும்" என்று இளம் டேனிஷ் பையன்களுக்குப் பாடம் வேறு எடுக்கிறார். அவர்களும் விரலை நக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஆள் ஞானேஸ்வரி.

ஞானேஸ்வரி என்னோடு கண்ணாடி பொதி பண்ணுகிற மேசையில் வேலை செய்பவள். நாற்பத்தெட்டு வயது. போன நவம்பரில் அவளுக்கும் அதே வருத்தம் வந்தது, வலது கன்னத்தில். ஒன்பது கிலோ குறைந்துவிட்டாள். உறிஞ்சு குழாயால் கஞ்சி குடிக்கிறாள். மாத்திரை போட்டால் நிற்க முடியாமல் தள்ளாடுகிறாள். போடாவிட்டால் ஒரு சொல்லுக்கு ஒரு அடி விழுகிறது. அதனால் உதட்டை அசைக்காமல், எண்ணி எண்ணிக் கதைப்பாள். கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர், கிழமையில் நாலு நாள் ஜேர்மனியில். சத்திரசிகிச்சை செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை என்று அறிவிக்க வேண்டும். மண்டையைத் திறப்பது என்றதும் அவளுக்குப் பயம். அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் போகலாம் என்பதையும் சொல்லியிருந்தார்கள். அவள் அறிய விரும்பியது ஒன்றைத்தான்: இவ்வளவையும் தாங்கிச் செய்தால், எவ்வளவு காலத்துக்கு?

விஷயம் கேள்விப்பட்டதும் சபாரத்தினம் மலர்ந்துவிட்டார். பதினொரு வருடமாகப் பல்லுக்கொதிக்காரர்களோடு காலம் கழித்தவருக்குக் கடைசியில் ஓர் உண்மையான நோயாளி கிடைத்துவிட்டாள். "நான் வாறன் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வாறன். என்னை ஒருக்காப் பாத்தால் உமக்குப் பயம் போயிடும்."

வந்தார். கையில் முறுக்கு டப்பா. கோட்டின் உள்பையில் இந்த வருடத்துப் படிவம், பதினோராவது. தபாலில் போடுவதற்கு முன் அவளுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தார். ஞானேஸ்வரியின் வீட்டில் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் துவாயைச் சுருட்டி வைத்திருந்தது. கதிரையில் அவள் சால்வையால் முகத்தை மூடி இருந்தாள். நான் குசினிக்கும் மேசைக்கும் நடுவில் தேநீரோடு நின்றேன்.

அவர் வெளியே இருந்த மேற்குக் காற்றிலிருந்து வந்தவர், ஜன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கைதுடைப்பானில் நரம்பைக் கீறினார். குழாயைக் கீறினார். தாச்சியைப் பற்றிச் சொன்னார். ஞானேஸ்வரி படத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் படிவத்தை எடுத்து விரித்தார். பூச்சியத்தைச் சுற்றி நீல மையில் அழகான வட்டம்.

"அண்ணை, திரும்பி வரேல்லையே?"

"பாரும். ஓவர்லேயவின்ரை பேப்பர். இதிலை ஆரும் பொய் எழுதேலுமே? பூச்சியம்."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும். முறுக்குக் கடிச்சுக் காட்டட்டே?"

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. எழுந்தாள். சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டு அவர் கதிரைக்குப் பின்னால் போனாள். துவாயை எடுத்தாள். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். அவருடைய இடது பக்கம் அது.

"அந்தக் குழாயிருக்கெல்லோ, அது துடிக்கேக்கை..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். நாலு விநாடி. கை தானாக உயர்ந்து கன்னத்தருகே வந்தது. கன்னத்தைத் தொடவில்லை. ஓர் அங்குலத்துக்கு அப்பால் விரல்களை விரித்துக்கொண்டு, கண்ணாடிக் குவளையைப் பிடிப்பது போல அந்தரத்தில் நின்றது. நோகிற இடத்தை யாரும் பொத்திப் பிடிப்பார்கள். இந்த நோய்க்காரர்கள் மட்டும் தொடாமல் பிடிப்பார்கள். ஞானேஸ்வரியின் கை ஆறு மாதமாக அப்படித்தான் நிற்கிறது.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். துவாயைத் திரும்ப வைத்தாள். வந்து இருந்தாள்.

"ஒழுகுது, அண்ணை" என்றாள்.

அவர் கையை இறக்கினார். "யோசிச்சனான்" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"எப்ப துவக்கம்?"

"ரெண்டு வரியம்... கொஞ்சம்தான் பிள்ளை. முந்தின மாதிரி இல்லை. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தரம்தான். காத்துக்குத்தான்."

"பேப்பரிலை?"

சபாரத்தினத்துக்குக் கோபம் வந்தது. நான் அவர் கோபப்பட்டு முதல் தடவையாகப் பார்த்தேன். "அந்த மனிசன் என்ரை மண்டையைத் திறந்து, பாத்துப் பாத்து மூடினவர். ஆஸ்பத்திரி வாட்டிலை வந்து என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினவர். அவருக்குப் போய் ஆறு, ஏழு எண்டு மாக்ஸ் போடச் சொல்லுறீரோ? செய்நன்றி எண்டு ஒண்டிருக்கெல்லே? நான் வளர்ந்த வளர்ப்பு அப்பிடியில்லை." கடைசிச் சொல்லில் இன்னொரு அடி விழுந்தது. கண்ணை மூடித் திறந்தார்.

ஞானேஸ்வரி தண்ணீருக்குள் இருந்த உறிஞ்சு குழாயை வாயில் வைத்து ஒரு வாய் குடித்தாள். கதைப்பதற்குத் தயார் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குக் கதைக்கிற அளவை அவள் அந்த இடத்தில் செலவழித்தாள்.

"அவருக்கு மாக்ஸ் போடுற பேப்பர் இல்லை அண்ணை அது." நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அழுகையால் அல்ல. "ஆஸ்பத்திரியிலை அதுகளைக் கூட்டித்தான் எனக்குச் சொன்னவை. பத்து வரியத்துக்குப் பிறகும் கனபேர் சுகமாய் இருக்கினமாம். அந்தக் கனபேரிலை நீங்களும் ஒராள்."

அவர் முறுக்கு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப முதல் ஒன்பது வரியம்? அது உண்மையே?"

"அது அம்மாணை உண்மை." குரல் சின்னதாகிவிட்டது. "ஒன்பது வரியம் நான் இருந்தது ராசா மாதிரி. ஒரு நாள், ஒரு அடி இல்லை."

"ஒன்பது தாராளமாய்க் காணுமே எனக்கு" என்றாள் அவள். "ஒரு வரியமே காணும். அதைச் சொல்லியிருந்தால் நான் எப்பவோ ஓம் எண்டிருப்பன். கையாலை முறிச்ச முறுக்கைக் காட்டிக் காட்டியெல்லோ பயப்பிடுத்தினீங்கள்."

பிறகு அவள் கதைக்கவில்லை. கதைக்க முடியவில்லை. சால்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அடிகள் ஓய்வதற்குக் காத்திருந்தாள். நான் தேநீரை அவருக்கு முன்னால் வைத்தேன். சூடாறியிருந்தது. சூடும் அவருக்கு ஆகாது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் குவளையைத் தூக்கி வலது பக்கத்தால் உறிஞ்சினார். பதினொரு வருடத்தில் நாலு பேர் பார்க்க அவர் வலது பக்கத்தைப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. அங்கே இருந்தது இரண்டு பேர்தான் என்றாலும்.

மேசையில் படிவம் விரித்தபடியே கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து மைப்பேனையைத் தொட்டார். எடுக்கவில்லை, கூட்டை மூடினார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு பக்கத்தையும் பிடித்து இன்னும் தட்டையாக வைத்தார். பெருவிரலை நாக்கில் தொட்டு நனைத்தார், தொழிற்சாலையில் செய்வது போலவே. அதைப் பூச்சியத்தின் மேல் வைத்துத் தேய்த்தார். வட்டம் கரைந்து மை பரவியது. விரலை எடுக்காமல், ஜன்னல் சட்டத்தின் ஓரமாக நகர்த்துவது போல, எண்களின் வரிசையோடு மெல்ல இழுத்துக்கொண்டு போனார். ஒன்று நீலமானது, இரண்டு, மூன்று. ஐந்தில் மை மங்கியது. விரலை மறுபடியும் நாக்கில் தொட்டுக்கொண்டு வந்து விட்ட இடத்தில் வைத்தார். ஏழில் வந்து விரல் நின்றது. அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.